கடல் பார்க்கும் குடும்பம்

இடது கை உள்ளே போய்விட்டது. வலது கைதான் வரமாட்டேன் என்றது. வெல்கா கோட்டின் தோளைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அண்ணனின் முழங்கை விறைப்பாக நின்றது. உயிரோடு இருந்தபோதும் இல்மார்ஸுக்கு இந்தக் கோட்டு ஆகாது. மகள் லாஸ்மா பள்ளிக்கூடம் முடித்த அன்று போட்டுக்கொண்டு, விழா முடிவதற்குள் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டவன். இப்போது மறுத்துச் சொல்ல வழியில்லை.

வீட்டுக்குப் பின்னால் இருந்த களஞ்சிய அறையில் குளிர் அதிகம். உடம்பைக் கழுவிவிட்ட இரண்டு பெண்களும் பட்டாணி வேக வைக்கச் சமையலறைக்குப் போய்விட்டார்கள். வெல்கா ஒருவழியாகக் கையை நுழைத்து, பொத்தான் போடப் பார்த்தாள். கைகால் எல்லாம் குச்சியாகிவிட்டிருந்தன. மார்பு மட்டும் பீப்பாய் மாதிரி உப்பிக் கிடந்தது. ஐம்பத்திரண்டு வயது. உள்ளே இழுத்த மூச்சை வெளியே விடத் தெரியாமல் கடைசி ஆறு வருடம் ஓட்டியவன்.

பொத்தானை இழுத்தபோது உள்பையில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்தாள். சிகரெட் பாக்கெட்.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணன் மனைவி மாயிரிதாவின் நடை அவளுக்குத் தெரியும். என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலேயே பாக்கெட்டைத் தன் ஏப்ரன் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

"பொத்தான் போட்டாச்சா?"

"மேல் பொத்தான் சேரல அண்ணி."

"விடு. யாரு வந்து அளவெடுக்கப் போறா." மாயிரிதா கணவனின் முகத்தைப் பார்க்கவில்லை, கோட்டைத்தான் பார்த்தாள். "பையைப் பாத்தியா? ஏதாவது இருந்துச்சா?"

"கைக்குட்டைதான்."

"அதிசயந்தான்" என்றாள் மாயிரிதா. சவப்பெட்டியின் விளிம்பில் ஒட்டியிருந்த மரத்தூளைக் கையால் துடைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வெல்கா புகைக்கூடத்தின் பின்பக்கம் வந்தாள். மீன் புகையூட்டும் அந்தத் தகரக் கூரைக் கட்டடம் அவர்கள் அப்பா காலத்தது. அண்ணன் அடுப்புப் பக்கம், அவள் மீன் கழுவிக் கம்பியில் கோக்கும் பக்கம் என்று முப்பது வருடம் ஓடிவிட்டது. சுவரை ஒட்டி ஆல்டர் விறகு அடுக்கியிருந்தது. அதன்மேல் உட்கார்ந்து பாக்கெட்டைத் திறந்தாள். ஒரு மூலை நசுங்கியிருந்தது. அந்தப் பெயரில் இப்போது எந்தக் கடையிலும் சிகரெட் கிடையாது. ஒவ்வொன்றாக எண்ணினாள். இருபது. மறுபடியும் எண்ணினாள். இருபதுதான். புகையிலை காய்ந்து தூளாக உதிர்ந்தது.

ஒன்றைக்கூட அவன் தொடவில்லை.

ஆறு வருடம் முன்னால் இதே பாக்கெட்டைத்தான் மாயிரிதா அவன் கோட்டுப் பையிலிருந்து கண்டெடுத்துச் சுவரில் விட்டெறிந்தாள். மூலை நசுங்கியது அப்போதுதான். "மூச்சு முட்டுது, மூச்சு முட்டுதுன்னு ஊரையே கூட்டினீங்களே, இதுதானா சங்கதி?" என்று அவள் கத்தியது வேலிக்கு அப்பால் வரை கேட்டது. இல்மார்ஸ் குனிந்து பாக்கெட்டைப் பொறுக்கிக்கொண்டு வெளியே போனான். அன்று வெல்காவுக்கும் ஆத்திரம்தான். டாக்டர் அவ்வளவு சொன்ன பிறகும் இந்த மனிதனுக்கு இது தேவையா என்று இரண்டு நாள் அவனோடு பேசாமல் இருந்தாள்.

டாக்டர் சொன்னது அதற்கு இரண்டு வாரம் முன்பு. தலைநகர் ரீகாவில். அண்ணனும் தங்கையும் மட்டும் பஸ் ஏறிப் போயிருந்தார்கள். ஒரு மாதம் முன்பே இருவரிடமும் ரத்தம் எடுத்து அனுப்பியிருந்த அந்த அம்மாள், காகிதத்தை மேசையில் வைத்துப் பொறுமையாகச் சொன்னாள். "நுரையீரலை உடம்பே அரிச்சுடாம பாத்துக்க ஒரு சத்து இருக்கு. கல்லீரல்தான் அதைச் செஞ்சு ரத்தத்துல விடும். உங்க ரெண்டு பேருக்கும் அது கல்லீரல்லயே சிக்கிக் கிடக்கு. அப்பாகிட்டேர்ந்து ஒரு பங்கு, அம்மாகிட்டேர்ந்து ஒரு பங்கு, ரெண்டுமே குறையோட வந்திருக்கு. இந்தக் கடற்கரைப் பக்கம் இது கொஞ்சம் ஜாஸ்தி."

"இருந்தா எல்லாருக்கும் வந்துருமா?" என்று இல்மார்ஸ் கேட்டான்.

"வரலாம். வராமலும் போகலாம். இதே ரத்தத்தோட எழுபது வயசு தாண்டினவங்களும் இருக்காங்க. ஆனா புகையில நின்னா சீக்கிரம் வரும்."

"எனக்கு ஒரு பொண்ணு இருக்கா."

"உங்ககிட்டேர்ந்து ஒரு பங்கு அவளுக்குக் கண்டிப்பா வந்திருக்கும். ஒண்ணு மட்டும்னா பயம் குறைவுதான், புகைக்குத் தள்ளி இருந்தா. இன்னொண்ணும் இருக்கான்னு அவ ரத்தத்தைப் பாத்தாத்தான் தெரியும்."

திரும்பி வரும் பஸ் பாதி வழி தாண்டியது. பிறகுதான் இல்மார்ஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மாயிரிதாவோட அப்பா மூச்சு வாங்கி வேலியைப் பிடிச்சுக்கிட்டே நடப்பாரே, ஞாபகம் இருக்கா?" அவளுக்கு ஞாபகம் இருந்தது. "லாஸ்மாகிட்ட சொல்லாத வெல்கா. அவ ரீகாவுலயே இருக்கட்டும். இங்க வராம, புகைக்குத் தூரமா இருந்தா போதும். ஒவ்வொரு மூச்சையும் எண்ணி எண்ணி விடுறது என்னோட போகட்டும்."

அவளும் சரி என்றாள். ஆனால் இவன் அதோடு விடவில்லை. ஊர் ஒரு காரணம் கேட்கும், மாயிரிதா கேட்பாள், காரணம் இல்லாவிட்டால் தோண்டுவார்கள், தோண்டினால் மகளின் நுரையீரல் வரைக்கும் போவார்கள் என்று நினைத்திருக்கிறான். போய் ஒரு பாக்கெட் வாங்கி வந்துவிட்டான். கோட்டு கோட்டாக மாற்றி வைத்திருக்கிறான். சாவதற்கு ஒரு வாரம் முன்பு வெல்காவைக் கூப்பிட்டு, "அந்தக் கறுப்புக் கோட்டை எடுத்துட்டு வந்து கட்டில் பக்கத்துல மாட்டு, துணிப்பெட்டியில சுருங்கிப் போகும்" என்றது எதற்கு என்று அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. உடுத்திவிடும்போது மாயிரிதா கண்ணில் படட்டும் என்று வைத்திருக்கிறான். சாவையும் விட்டுவைக்காத பொய். வெல்கா விறகின் மேல் உட்கார்ந்து அழுதாள். அழுதால் இருமல் வரும், அதனால் அளவாக அழுதாள்.

பதினோரு மணிக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். வாசலிலிருந்து சாலை வரைக்கும் ஊசியிலை ஸ்ப்ரூஸ் கிளைகளைப் பரப்பியிருந்தார்கள். கல்லறைத் தோட்டம் மணல்மேட்டின் மேல், பைன் மரங்களுக்கு நடுவில். ஏறும் வழியில் பாதியில் ஒரு வளைந்த பைன் நிற்கும். அங்கே வந்ததும் தூக்கிக்கொண்டு வந்த ஆறு பேரும் கை மாற்றிக்கொள்ளப் பெட்டியை இறக்கினார்கள்.

"சரியா எறக்கினீங்கடா" என்றார் அல்ஃபோன்ஸ் சித்தப்பா. இறந்துபோன அப்பாவின் தம்பி. எண்பத்தோரு வயது, வாயில் பைப், நடையில் வாலிபம். "இவன் என்னிக்கு இங்க நிக்காம போயிருக்கான்? நின்னு கடலைப் பாக்காம ஒரு அடி எடுத்து வைக்கமாட்டானே. எங்க அண்ணனும் அப்படித்தான். கடலைப் பாக்குற குடும்பம்!"

சிலர் சிரித்தார்கள். ஊரில் பழைய கிண்டல் அது. வெல்காவின் அப்பா இந்த மரத்தடியில் நின்று கடலைப் பார்ப்பார். நாற்பத்தொன்பது வயதில் போனார். இல்மார்ஸ் நின்றான். வெல்காவும் மூன்று வருடமாக நின்றுகொண்டிருந்தாள். யாராவது தாண்டிப் போனால், "இன்னிக்கு அலை பெரிசா இருக்கு" என்பாள். அதற்கு நான்கு வார்த்தைக்கான மூச்சு வேண்டும். சில நாள் மூன்று வார்த்தையோடு நிறுத்திக்கொள்வாள்.

குழிக்கு முன்னால் எல்லோரும் மூன்று மூன்று பிடி மணல் போட்டார்கள். மாயிரிதா அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, மணலை எறிவது போலப் போட்டாள். லாஸ்மா அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருபத்தொன்பது வயது, அப்பாவின் நீள முகம். ரீகாவில் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை. அவள் இருமியபோது வெல்கா தலையைத் திருப்பிப் பார்த்தாள். சளி பிடித்திருக்கும், நவம்பர் குளிர்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மாயிரிதா ஒரு பழைய வாணலியில் ஜூனிபர் குச்சிகளைக் கொளுத்தி எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போனாள். சாவு வீட்டின் காற்றைச் சுத்தம் செய்ய அதுதான் வழக்கம். இல்மார்ஸ் படுத்த படுக்கையான பிறகு சனிக்கிழமை தவறாமல் இதையே அவன் கட்டிலைச் சுற்றிச் செய்தாள், நல்லது என்று நம்பித்தான். அவன் ஆக்சிஜன் குழாயை மூக்கில் இறுக்கிக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருப்பான். வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் ஏன் என்று சொல்ல வேண்டும். வாணலி தன்னைக் கடந்து போனபோது லாஸ்மா வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். வெகுநேரம் இருமல் கேட்டது.

சாப்பாட்டு மேசையில் பட்டாணியும் பன்றிக்கொழுப்பும் புகையூட்டிய தட்டைமீனும் வைத்திருந்தார்கள். மீன் இல்மார்ஸ் கடைசியாகப் போட்டது. படுப்பதற்கு முன்னால் புகையூட்டிக் குளிர்பெட்டியில் உறைய வைத்தது. அல்ஃபோன்ஸ் சித்தப்பா முள்ளை எடுத்துக்கொண்டே, "இந்த நிறம் இனிமே எவனுக்கு வரும்?" என்றார்.

"எனக்கு வரும்" என்றாள் லாஸ்மா. எல்லோரும் நிமிர்ந்தார்கள். "வேலையை விட்டுட்டேன். வெள்ளிக்கிழமையே எழுதிக் குடுத்தாச்சு. திங்கட்கிழமை அடுப்பைப் பத்த வைக்கப் போறேன். அம்மாவைத் தனியா விட்டுட்டு அங்க என்ன பண்ணப் போறேன்."

மேசை முழுக்கப் பாராட்டு. பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வந்து கை குலுக்கினார். வெல்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"லாஸ்மா, அந்தப் புகை..." என்று ஆரம்பித்தாள்.

"புகைக்கு என்ன வந்துச்சு?" மாயிரிதா குறுக்கே விழுந்தாள். "புகையாலயா செத்தாரு? உங்க சித்தப்பாவைப் பாரு, அறுபது வருஷமா பைப்பை வாயிலேர்ந்து எடுக்கல, கல்லு மாதிரி உக்காந்திருக்காரு. இவருதான் நெஞ்சுல பலம் இல்லாம திருட்டு சிகரெட். கோட்டு மேலயே தடவிப் பாப்பேன். எப்ப தடவினாலும் பாக்கெட் நிறைஞ்சிருக்கும். தீரத் தீர வாங்கி வச்சிருக்காரு! தானா தேடிக்கிட்டாரு, போயிட்டாரு."

அல்ஃபோன்ஸ் சித்தப்பா பைப்பை எடுத்து மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பட்டாணிச் சட்டி கைமாறியது.

மூன்று மணிக்கு விருந்தாளிகள் கிளம்பினார்கள். கல்லறையைச் சுற்றி மிதிபட்ட மணலை அன்றே வாரிச் சமன் செய்துவிட வேண்டும். ஊரார் காலடிகள் அங்கே ஒரு இரவு தங்கக்கூடாது. வெல்கா, "நான் போறேன் அண்ணி" என்றாள். "நானும் வர்றேன் அத்தை" என்று லாஸ்மா கோட்டை மாட்டிக்கொண்டாள்.

இருவரும் மணல்மேட்டில் ஏறினார்கள். வளைந்த பைன் அருகில் வெல்கா நின்றாள். லாஸ்மாவும் நின்றாள். அத்தைக்காக நிற்கிறாள் என்று வெல்கா நினைத்துக்கொண்டாள்.

கல்லறை அருகே ஒரு மரத்தில் சாத்தியிருந்த, பற்கள் வைத்த மர வாரியை எடுத்து வெல்கா வார ஆரம்பித்தாள். பின்பக்கமாக நடந்துகொண்டே வார வேண்டும். தன் காலடியையும் தானே அழித்துக்கொண்டு வெளியே வரவேண்டும். நான்கு இழுப்பில் அவளுக்கு மூச்சு தீர்ந்தது. லாஸ்மா வாரியை வாங்கிக்கொண்டாள். இரண்டு வரிசை முடிவதற்குள் அவளிடமிருந்தும் அந்தச் சத்தம் வந்தது, மெல்லிய விசில். வெல்காவுக்கு அந்தச் சத்தம் பிறந்ததிலிருந்து தெரியும்.

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருஷமா. ஒண்ணும் இல்ல அத்தை, ரீகாவுல டாக்டர்கிட்ட போனேன். வீட்டுல யாருக்காவது நெஞ்சு சீக்கு உண்டான்னு கேட்டாரு. அப்பாவுக்கு இருக்கு, ஆனா அது சிகரெட்டால வந்ததுன்னு சொன்னேன். அப்படின்னா இது ஆஸ்துமாதான்னு மூச்சுக்கு ஒரு பம்ப் எழுதிக் குடுத்தாரு. ரத்தம் எடுக்கலாமான்னு யோசிச்சாரு, அப்புறம் வேணாம்னுட்டாரு."

வெல்கா புதுமண்ணைப் பார்த்தாள். அதன்மேல் ஸ்ப்ரூஸ் கிளைகளும் செத்தவர்களுக்கு என்று இரட்டைப்படையில் எண்ணி வைத்த வெள்ளைப் பூக்களும் இருந்தன. உன் பொய் இவள் ரத்தச் சோதனை வரைக்கும் போய்த் தடுத்திருக்கிறதே அண்ணா என்று நினைத்தாள். அவன்மேல் கோபம் வந்தது, செத்தவன்மேல் வரக்கூடாத அளவுக்கு. பையிலிருந்து பாக்கெட்டை எடுத்து நீட்டினாள்.

"எண்ணிப் பாரு."

லாஸ்மா புரியாமல் வாங்கினாள். எண்ணினாள். வெல்கா எல்லாவற்றையும் சொன்னாள். ரீகா, காகிதம், கல்லீரல், இரண்டு பங்கு, பஸ், கறுப்புக் கோட்டு. நடுநடுவே மூச்சுக்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். உடைந்த ஒரு சிகரெட்டிலிருந்து புகையிலைத் தூள் லாஸ்மாவின் உள்ளங்கையில் கொட்டிக்கொண்டிருந்தது.

"உங்களுக்கும் இருக்கா?"

"இருக்கு."

"எனக்கு ஒண்ணு கண்டிப்பா."

"ஆமா. இன்னொண்ணு உங்க அம்மாவைப் பொறுத்தது. சோதிச்சாத்தான்..."

"அம்மாவோட அப்பா வேலியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடப்பாரு" என்றாள் லாஸ்மா. "சின்னப்ப நானும் அவரும் போட்டி போடுவோம், யாரு அதிகம் கம்பி தொடுறதுன்னு."

காற்றில் பைன் ஊசிகள் இப்போதுதான் வாரிய மணலில் விழுந்தன. லாஸ்மா தூளைக் கீழே கொட்டாமல் பாக்கெட்டுக்குள்ளேயே தட்டி மூடினாள். பிறகு வாரியை எடுத்து மிச்சத்தை வார ஆரம்பித்தாள்.

"திங்கட்கிழமை பத்த வைக்காத" என்றாள் வெல்கா. "உனக்கு இன்னும் காலம் இருக்கு. ஆஸ்துமான்னு அம்மாகிட்ட சொல்லிட்டுப் போயிரு."

"சொன்னா அம்மா விடுவாளா? எப்படி வந்துச்சு, யாருகிட்டேர்ந்து வந்துச்சுன்னு குடைஞ்சு எடுத்துருவா."

"அப்ப உண்மையைச் சொல்லிடலாம். நான் சொல்றேன்."

லாஸ்மா வாருவதை நிறுத்தவில்லை. "செவ்வாய்க்கிழமை அப்பா தண்ணி கேட்டாராம். அம்மா, 'ஏன், சிகரெட்டைக் கேக்குறதுதானே'ன்னு சொல்லிட்டுக் கோழிக்குத் தீனி போடப் போயிட்டாளாம். திரும்பி வரும்போது முடிஞ்சிருச்சு." ஒரு வரிசை முடித்து அடுத்த வரிசைக்குத் தள்ளி நின்றாள். "நேத்து அதைச் சொன்னா. சொல்லிட்டு, 'நான் என்ன தப்பாவா சொன்னேன்'னு கேட்டா. நான் இல்லம்மான்னேன். அந்தக் கோபத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அத்தை அவ எழுந்து நடக்குறா."

கடைசிக் காலடியையும் அழித்துவிட்டு அவள் வெளியே வந்து நின்றாள். மணல் புதுத்துணி போல வரிவரியாகக் கிடந்தது. வாரியை மரத்தில் சாத்தினாள்.

"அம்மாகிட்ட சொல்லாதீங்க."

பாக்கெட்டைத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். வெல்கா கையை நீட்டினாள், திருப்பிக் கேட்பதற்காக. லாஸ்மா அதைக் கைப்பிடிக்கக் கொடுத்ததாக எடுத்துக்கொண்டு, அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

திரும்பும் வழி முழுவதும் இறக்கமாக இருக்காது. வளைந்த பைனுக்கு முன்னால் சின்னதாக ஒரு மேடு வரும். அதை ஏறியதும் லாஸ்மா கையை விட்டுவிட்டு மரத்தடியில் நின்றாள். கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெல்காவும் பக்கத்தில் வந்து நின்றாள். கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. ஒரு படகுகூட இல்லை.

கீழே முற்றத்தில் மாயிரிதா மேசை விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, வாயில் கையைக் குவித்துக் கத்தினாள்.

"அங்க என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

லாஸ்மா கையை மட்டும் உயர்த்தினாள். வெல்கா மூச்சைச் சேர்த்துக்கொண்டாள்.

"கடல் பாக்குறோம் அண்ணி" என்றாள்.